ஊசியில் நூல் கோத்தவர்

போகிப் பண்டிகைக்கு முன் பரணைத் துப்புரவு செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை. எரிப்பதற்கு ஓலைப்பாயும் கிழிந்த முறமும் அகப்படாத இக்காலத்திலும், எதையாவது கீழே இறக்கித் தூசி தட்டி மறுபடியும் ஏற்றி வைத்தால்தான் தை மாதம் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. அப்படி இறக்கிய தகரப் பெட்டி ஒன்றில், பழைய பட்டா நகல்களுக்கும் செல்லரித்த பஞ்சாங்கங்களுக்கும் அடியில், மஞ்சள் துணியில் முடிந்த சிறு முடிச்சு ஒன்று கிடைத்தது. பிரித்தேன், உள்ளே வெள்ளித் தகட்டில் செய்த ஒரு ஜோடிக் கண்மலர். வெள்ளி கறுத்துவிட்டிருந்தாலும், தட்டான் கீறிய இமைக்கோடும் கருவிழியும் அப்படியே இருந்தன. என் மருமகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குன்னு வாங்கினது ஏன் மாமா வீட்லயே இருக்கு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். நேர்ந்துகொண்ட காரியம் பலித்தால் கொண்டுபோய்ச் சாத்துகிறேன் என்று முடிந்து வைத்த காணிக்கை அது, காரியம் பலிக்கவில்லை, ஆகையால் முடிச்சும் அவிழவில்லை. முடிந்து வைத்தவள் என் பெரியம்மா. யாருடைய கண்ணுக்காக முடிந்தாளோ அவர் என் பெரியப்பா.

ஒரகடத்துக்கு அருகே எங்கள் கிராமம். இன்று வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் பெருஞ்சாலையில் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் கன்டெயினர் லாரிகளும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கிறவர்கள், அதே இடத்தில் ஏரிகளும் பனை வரிசைகளும் மானாவாரிக் கொல்லைகளும் தவிர வேறொன்றும் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்றால் எளிதில் நம்பமாட்டார்கள். அக்காலத்தில் இது செங்கல்பட்டு ஜில்லா. ஸ்ரீபெரும்புதூருக்கு நாங்கள் போவதென்றால் ஒன்று தாலுகா கச்சேரிக்காக இருக்கும். இல்லாவிட்டால் உடையவர் அவதரித்த ஸ்தலமாகையால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நடக்கும் சித்திரைத் திருவாதிரை உற்சவத்துக்காக இருக்கும். பெரியப்பா இரண்டுக்கும் தவறாமல் போகிறவர். கிராமத்துக் கர்ணம் என்ற ஹோதாவில் முன்னதும், பரம பக்தர் என்ற ஹோதாவில் பின்னதும் அவருக்குத் தவிர்க்க முடியாத கடமைகள்.

அவருடைய கண் கூர்மை எங்கள் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். அடங்கலிலும் சிட்டாவிலும் அவர் எழுதி வைத்த பொடி எழுத்துக்களை ஜமாபந்திக்கு வரும் உத்தியோகஸ்தர்கள் மூக்குக் கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் படிக்கப் பிரயாசைப்படும்போது, அவர் எதிரில் நின்றபடியே தலைகீழாக வாசித்துச் சொல்லிவிடுவார். நாற்பதைத் தாண்டியதும் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து அவருக்கும் வந்தது. சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, அதன் துணையோடு அறுபது வயதிலும் பெரியம்மாவின் ஊசிக்கு அவரே நூல் கோத்துக் கொடுப்பார். யாராவது கண்ணைப்பற்றிப் பேச்செடுத்தால் போதும், "ஒரே தடவையில ஊசியில நூல் கோக்கிறேன், எனக்கென்னடா குறைச்சல்?" என்பார். அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

ஆனால் அதே பெரியப்பா வரப்பில் நடக்கும்போது கால் தவறி நாற்றங்காலில் இறங்கினார். பந்தியில் உட்கார்ந்தால், இலைக்குப் பக்கத்தில் வைத்த மோர்ச் செம்பைப் புறங்கையால் தட்டிக் கவிழ்த்தார். நிலைப்படியில் தோள் இடித்தது. தெருவில் பக்கவாட்டிலிருந்து வந்த மாட்டுவண்டி நுகத்தடி விலாவில் உரசிய பிறகுதான் வண்டி வந்ததே அவருக்குத் தெரிந்தது. இவற்றையெல்லாம் நாங்கள் தனித்தனிச் சம்பவங்களாகவே பார்த்தோம். வரப்பில் விழுந்ததற்கு மழை காரணம். செம்பு கவிழ்ந்ததற்குப் பரிமாறிய பையன் காரணம். தோள் இடித்ததற்கு வயது காரணம். ஊசியில் நூல் கோக்கிற மனிதருக்குக் கண்ணில் கோளாறு இருக்கக்கூடும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அவர் விழுந்ததைவிடப் பெரிய அனர்த்தம் ஒன்று வேறு விதத்தில் விளைந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு நடந்த கல்யாணத்தில், சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் பெரியப்பாவின் பக்கவாட்டில் வந்து கைகூப்பி நின்றிருக்கிறார். பெரியப்பா நேர் எதிரே மேடையைப் பார்த்தபடி, பதிலுக்கு ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் நகர்ந்துவிட்டார். அன்று தொடங்கிய மனஸ்தாபம் இரண்டு குடும்பங்களுக்கும் பல வருஷங்கள் நீடித்தது. ஊரிலும் முணுமுணுப்பு எழுந்தது: "கணக்குப்பிள்ளைக்கு மண்டைக்கனம் வந்துடுச்சு; வணக்கம் வெச்சாகூடக் கண்டுக்கறதில்ல." ஜன்மம் முழுவதும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று க்ஷேமம் விசாரித்துப் பழகிய மனிதருக்கு, காரணம் அறியாமலே இப்படி ஒரு அபகீர்த்தி வந்து சேர்ந்தது. பக்கத்தில் நின்ற மனிதரை அவர் அலட்சியம் செய்யவில்லை, அவரை அவர் பார்க்கவே இல்லை என்பது பிற்பாடுதான் எங்களுக்குப் புலனாயிற்று.

கடைசியில் அவரே ஒரு நாள், "ஓரமெல்லாம் மூடிக்கினு வருது" என்று வாய்விட்டுச் சொன்னபோது, வீட்டில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பொன்னாங்கண்ணிக் கீரை தினந்தோறும் சமையலில் சேர்ந்தது. நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக் கட்டினார்கள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, கண்ணில் தாய்ப்பால் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அனுபவசாலிகள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு: "கண்ணுல பூ விழுந்திருக்கு. இப்ப தொடக்கூடாது. நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. அக்காலத்துச் சிகிச்சை முறையில் கண்புரை முற்றிய பிறகே அதை எடுப்பது வழக்கமாயிருந்தது. எடுத்த பிறகு சோடா புட்டியின் அடிப்பாகம் போன்ற கனத்த கண்ணாடி கொடுப்பார்கள். பச்சைத் துணியால் கண்ணை மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்கள் காத்திருந்தார்கள், கத்தி வைத்தார்கள், பார்வை திரும்பியது. ஆகவே பார்வை மங்கினால் புரை, புரை என்றால் காத்திருப்பு என்று ஜனங்கள் ஒரு சூத்திரமே வகுத்துவிட்டார்கள். பார்வையைக் குறைக்கும் வியாதி வேறொன்றும் இருக்கலாம், அதில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டக் கணக்கு என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தபோது, புரை முற்றிவிட்டதா என்று கேட்டு வருவதற்காகப் பெரியப்பாவை அழைத்துப் போனார்கள். நான் அப்போது வாலிபன்; சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடன் போனேன். முகாமில் இருந்த டாக்டர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு, கண்ணை மூடிக் கீழே பார்க்கச் சொல்லி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இமையின்மேல் வைத்து மிருதுவாக அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பெரியவரே, இது புரை இல்லை. இதில் முற்றுவதற்கு ஒன்றுமில்லை. தள்ளிப்போடாமல் எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கிய புராதன ஸ்தாபனம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழமையானது என்று சொல்வார்கள். அங்கே பெரியப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, முள் ஆடும் ஒரு சிறு உலோகக் கருவியைத் திறந்த விழியின்மேலேயே நிறுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். அதைக் காணச் சகியாமல் பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அடுத்து நடந்த சோதனைதான் அவளை நிலைகுலையச் செய்தது.

சுவரில் ஒரு கறுப்புத் திரை. நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். டாக்டர் ஒரு கறுப்புக் கோலின் நுனியில் செருகிய வெள்ளைக் குண்டூசித் தலையைத் திரையின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல நடுவை நோக்கி நகர்த்துவார். கண்ணில் பட்டதும் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். நகர ஆரம்பித்த மாத்திரத்திலேயே பின்னால் நின்ற எங்களுக்குத் தெரிந்தது; பெரியப்பா பேசவில்லை. பாதி தூரம் வந்தது, பேசவில்லை. "சொல்லுங்க, வந்துடுச்சு பாருங்க" என்று பெரியம்மா தன்னை மறந்து கூவிவிட்டாள். டாக்டர் கையமர்த்தினார். குண்டூசி புள்ளியைத் தொடப்போகும் சமயத்தில்தான் அவர் "தெரியுது" என்றார். எந்தத் திசையிலிருந்து கொண்டுவந்தாலும் அதே கதி. அடங்கல் எழுத்தைத் தலைகீழாக வாசித்தவருக்கு மிஞ்சியிருந்தது அந்த நடு வட்டம் மட்டுமே. நூல் கோப்பதற்கு அது போதும். வரப்பில் நடப்பதற்கு அது போதாது.

டாக்டர் சொன்ன விளக்கத்தைப் பெரியப்பா தமக்குப் பழக்கமான பாஷையில் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். கண்ணுக்குள் இடைவிடாமல் தெளிந்த நீர் ஊறுகிறது. ஊறிய அளவுக்கு ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால்கள் வழியே அது வெளியேறியும் விடுகிறது. இது கண்ணீர் அன்று, உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. வடிகால் அடைபட்டால் உள் அழுத்தம் ஏறி, பின்புறத்திலுள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. "வரத்து நிக்கல, கலங்கல் தூந்துபோச்சு, கரை என்ன செய்யும்?" என்றார், ஏரிக் கணக்கிலேயே காலங்கழித்த மனிதர். சாதாரணமாக இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் என்பார்கள். அதற்கு மேல் ஏறினாலும் பெரும்பாலோருக்கு வலி தெரிவதில்லை, சிவப்பதில்லை. அளவு சாதாரணமாக இருக்கும்போதே நரம்பு தேய்ந்துபோவதும் உண்டு. திடீரென்று கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தியோடு வருகிற இன்னொரு வகை இருக்கிறது. அது கெட்டதிலும் நல்லது என்றே சொல்லலாம், ஏனெனில் வலி பொறுக்காமல் நோயாளி ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறான். பெரியப்பாவுக்கு வந்ததோ சத்தமில்லாத வகை. நரம்பிலுள்ள ஏறக்குறைய 12 லட்சம் இழைகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நலிந்துபோகும். மூளை இடைவெளியை இட்டுநிரப்பிக்கொள்வதால், போனது போனவனுக்கே தெரியாது. இழை செத்தால் மீண்டும் துளிர்ப்பதுமில்லை. இதற்குத்தான் குளுக்கோமா என்று பெயர்.

இந்த வியாதிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் உள்ள பந்தம் பழையது என்பதைப் பல வருஷங்கள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சூப்பரிண்டெண்டாக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்னும் ராணுவ டாக்டர், விழியின் ஓரத்தில் ஒரு சிறு வட்டத் துளையிட்டு நீருக்குப் புது வழி அமைக்கும் சிகிச்சையை 1909-இல் வெளியிட்டார். அது சென்னையிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவி, அரை நூற்றாண்டுக் காலம் கண் வைத்தியர்களின் கையில் ஆட்சி செலுத்தியது. குளுக்கோமாவுக்கு உலகமே பின்பற்றிய சிகிச்சை பிறந்த ஊருக்கு முப்பது நாற்பது மைல் தொலைவில் இருந்த எங்களுக்கு, அப்படி ஒரு வியாதி இருப்பதே தெரியாது.

பெரியப்பாவுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பைலோகார்பின் என்று பெயர். ஒரு நாளைக்குப் பல தடவை விட வேண்டும். விட்டவுடன் எரியும், நெற்றிப் பொட்டு கழன்றுவிடுவதைப்போல் வலிக்கும், பாப்பா சுருங்குவதால் இருந்த பார்வையும் சற்று மங்கும். "இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து, போனதைக் கொண்டாராது" என்று டாக்டர் நூறு தரம் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் ஜுரத்துக்கு மாத்திரை போட்டால் ஜுரம் இறங்க வேண்டும், புண்ணுக்கு மருந்து போட்டால் புண் ஆற வேண்டும் என்று பழகிய புத்திக்கு, விட்டும் ஒரு பிரயோஜனமும் கண்ணெதிரே தோன்றாத மருந்தை ஆயுள் முழுவதும் விட்டுக்கொண்டிருப்பதில் எப்படிச் சிரத்தை பிறக்கும்? "இதை விட்டா இன்னும் மங்குது" என்று சில மாதங்களில் நிறுத்திவிட்டார். ஆபரேஷனுக்கும் இசையவில்லை, பார்வை வராத ஆபரேஷன் எதற்கு என்று கேட்டார்.

டாக்டர் சொல்லி அனுப்பிய இன்னொரு வார்த்தையும் காற்றில் போயிற்று. "உங்கள் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை வரச் சொல்லுங்கள்" என்றிருந்தார். ரத்த சம்பந்தமுள்ளவர்களுக்கு இந்நோய் வரும் சாத்தியம் மற்றவர்களைவிட அதிகம். ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னபோது என் சித்தப்பா ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்லாருக்கிற கண்ணை எதுக்குக் கொண்டுபோய்க் காட்டறது? இல்லாத நோவை வரவழைச்சுக்கவா?" என்றார். சபையில் எல்லோரும் அதை ஆமோதித்தார்கள்.

1980-இல் சர்க்கார் ஒரே உத்தரவில் கர்ணம், மணியம் பதவிகளை ரத்து செய்தது. ஊர்க் கணக்குகளை ஒப்படைக்க வேண்டிய அன்று, நடு வட்டமும் அணைந்துபோன பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புஸ்தகத்தையும் கையால் தடவி, கனத்தையும் அட்டையையும் வைத்தே இது இன்ன பசலிக் கணக்கு என்று சொல்ல, அவர் மூத்த பிள்ளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. வாங்க வந்த அதிகாரி எழுந்து நின்று அவரை வணங்கினார். அந்த வணக்கமும் அவருக்குத் தெரியவில்லை. யாரோ சொல்லித்தான் கைகூப்பினார்.

பெரியம்மா கண்மலர் முடிந்தது இந்தக் கட்டத்தில்தான். மாங்காட்டில் காமாட்சியையும், கண்ணிழந்த சுக்கிராசாரியார் பூஜித்ததாகச் சொல்லும் வெள்ளீஸ்வரரையும் தரிசித்து வேண்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பிரதேசத்தின் புராணங்களில் கண் போவதும் வருவதும் புதிதல்ல. திருவொற்றியூரில் சபதம் தவறிக் கண்ணிழந்த சுந்தரர், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஏகாம்பரநாதர் அருளால் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்ற சரித்திரம் பெரியம்மாவுக்கு மனப்பாடம். அவள் பக்தியை நான் பரிகசிக்கமாட்டேன். இருட்டில் உட்கார்ந்த மனிதருக்கும் அவருக்குச் சோறு ஊட்டியவளுக்கும் வேறு என்ன பற்றுக்கோடு இருந்தது? ஆயினும் போன பார்வை ஒரு நாள் திரும்பும் என்ற நம்பிக்கை எங்கள் ரத்தத்தில் ஊறியிருந்ததும், போகுமுன் காப்பாற்ற வேண்டிய அவசரம் எங்களுக்கு உறைக்காததற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பா காலமான பிறகு எங்கள் மண்ணின் முகமே மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் பிற்பகுதியில் ஹூண்டாய் வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று பெயர்கள் வரிசையாக நின்றன. கொல்லைகள் சிப்காட் மனைகளாயின. மாட்டுவண்டி உரசிய அதே தெருவில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த வாலிபர்கள் வாடகை அறைகளில் வசிக்கிறார்கள்.

இதற்கிடையில் எங்கள் ஊர்களின் கண்ணைப்பற்றிய ஓர் உண்மையும் வெளிச்சத்துக்கு வந்தது. டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர்கள், இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களைச் சேர்ந்த 27 கிராமங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன ஏறக்குறைய நாலாயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். பெரியப்பாவுக்கு வந்த அந்தச் சத்தமில்லாத வகை நூற்றுக்கு 1.62 பேருக்கு இருந்தது. சென்னை நகரத்தில் அதே சோதனை நடத்தியபோது 3.51 என்று வந்தது. இந்த எண்கள் என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. கிராமங்களில் நோய் இருந்தவர்களுள் 98.5 சதவீதம் பேர், அந்த ஆராய்ச்சியாளர்கள் வந்து சொல்லும் வரை தங்களுக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் என்ற எண்தான் என்னை உறங்கவிடவில்லை. இந்தியா முழுவதிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று அதே குழுவினர் 2010-இல் மதிப்பிட்டார்கள். எழும்பூர் கறுப்புத் திரையின் முன் நாங்கள் கண்டது எங்கள் குடும்பத்துத் தலைவிதி என்றே எண்ணியிருந்தோம். ஜில்லாவின் தலைவிதியே அப்படித்தான் இருந்திருக்கிறது.

பெரியப்பாவின் மூத்த பிள்ளை, எனக்கு அண்ணன், ஐம்பதாவது வயதில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், அப்பாவுக்கு இருந்ததைத் தற்செயலாகச் சொல்லப்போக, அங்கிருந்த டாக்டர் உட்கார வைத்து முழுவதும் சோதித்தார். ஒரு கண்ணில் ஓரம் தேய ஆரம்பித்திருந்தது. இப்போது மருந்துகள் எவ்வளவோ சௌகரியமாகிவிட்டன. இரவில் படுக்குமுன் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சீசாவைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். விபூதி இட்டுக்கொண்டதும் சொட்டு. எண்பதை நெருங்கும் அவர் இன்றும் தனியாக பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய் வருகிறார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வந்தது ஒரே வியாதி. ஒருவர் காத்திருந்தார், மற்றவர் கேட்டார் என்பது தவிர வேறு வித்தியாசம் இல்லை.

அந்த அண்ணனுடைய பேரன் இங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்க்கிறான். ஒரு நாள் இரவு ஷிப்டு முடிந்து சிவந்த கண்களோடு வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது. அறையில் இருக்கும் எல்லோருக்கும் அதுவே பொது மருந்தாம். சீசாவை வாங்கிப் படித்தேன்: டெக்ஸாமெத்தசோன் கலந்தது. சிவப்பையும் கரிப்பையும் நொடியில் அடக்கும் இந்த ஸ்டீராய்டு மருந்து, டாக்டரின் மேற்பார்வையில்லாமல் வாரக்கணக்கில் விட்டால், சிலருடைய கண்ணில் அழுத்தத்தை ஏற்றி, இருபது வயதுப் பையனையும் குளுக்கோமாக்காரனாக்கிவிடும். அதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "கம்பெனியில வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட் எடுக்கறாங்க தாத்தா. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன்." எனக்குப் பெரியப்பாவின் ஊசி ஞாபகம் வந்தது. அட்டையிலுள்ள எழுத்தைப் படிப்பது நடுப்பார்வையின் சாமர்த்தியம். ஓரம் தேய்வதை அந்த அட்டை ஒருநாளும் சொல்லாது. இதைவிடக் கஷ்டமான வேறொன்றையும் அவன் சொன்னான்: கண்ணில் குறை என்று தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பலர் தொந்தரவு இருந்தாலும் வாய் திறப்பதில்லையாம்.

மார்ச் மாதத்தில் உலகக் குளுக்கோமா வாரம் என்று ஒன்று கொண்டாடுகிறார்கள். சென்ற வருஷம் அந்தச் சமயத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் கண் பரிசோதனை வேன் நிற்பதைப் பார்த்தேன். நல்ல காரியம் என்று மகிழ்ந்து அருகே போனேன். அடையாள அட்டை மாட்டிய, இருபதும் இருபத்தைந்தும் வயதான பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வேனுக்குப் பத்தடி தள்ளிக் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த செக்யூரிட்டிக்காரருக்கு வயது அறுபது இருக்கும். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவர் கொல்லையும் சிப்காட்டில் போனதுதான். வளாகத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்த பெண்களும், கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறவர்களும் நாற்பதைத் தாண்டியவர்கள். "நீங்க காட்டிக்கலையா?" என்று கேட்டேன். "அது கம்பெனி ஆளுங்களுக்கு சார். எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார். நோய் வரும் வயதிலுள்ளவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

ஆகையால், முகாம் நடத்துகிற புண்ணியவான்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு: உங்கள் வரிசை கேட்டிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் தொடங்கட்டும், அந்த வாலிபர்களிடம் ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, ஊரிலிருக்கும் அப்பா அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள். வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான். நாற்பது வயதாகிவிட்டால், ஒரு குறையும் இல்லாவிட்டாலும் கண் டாக்டரிடம் ஒரு தடவை போங்கள். கண்ணாடிக்கு நம்பர் எழுதி வாங்கியதோடு திரும்பிவிடாமல், கண் அழுத்தத்தை அளந்து, பார்வை நரம்பையும் பார்க்கும்படி நீங்களாகக் கேளுங்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்நோய் இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். சீட்டில்லாமல் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டை, பலன் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள். குளுக்கோமாவில் போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை உலகில் இல்லை. இருக்கும் பார்வையைக் காக்கும் மருந்து ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கிறது.